மாசிக்காய் மையும் ஒரு நீலக் கையெழுத்தும்

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், குளத்தூர் மிஷன் பள்ளிக்கூடத்தில் வைத்து, ஓர் ஊரின் கையெழுத்து முழுவதையும் நான் காணாமல் ஆக்கினேன்.

திருடவில்லை. கிழிக்கவில்லை. நானே காய்ச்சிய மையில் எழுத வைத்தேன்... அவ்வளவுதான்!

எதையாவது அடுப்பில் ஏற்றாவிட்டால் எனக்குக் கை அரிக்கும் என்பது இந்தப் பத்தியைத் தொடர்ந்து படிப்பவர்களுக்குத் தெரியும். நான் காய்ச்சிய சோப்பில் ஒரே ஒரு முறை குளித்த எங்கள் வீட்டு நாய், இன்றைக்கும் என்னைக் கண்டால் எழுந்து பக்கத்து வீட்டுக்குப் போகிறது.

ஆனால் இந்த முறை காரணம் இருந்தது. எல்லைப் போராட்டம் தொடங்கிய நாளிலிருந்து பாறசாலையைச் சுற்றி மனு எழுதாத ஊர் இல்லை. இந்தத் தாலுகா தமிழ்ப் பக்கம் போகுமா, மலையாளப் பக்கம் போகுமா — சாயாக்கடையிலும் அதுதான் பேச்சு, கல்யாணப் பந்தலிலும் அதுதான் பேச்சு. தமிழ்ப் பக்கம் சேர்க்கச் சொல்லிக் குளத்தூர்க்காரர்களும் ஒரு மனு போட்டார்கள். கொண்டு போனவர் பொன்னையன் அண்ணன். அமரவிளையில் பஸ் மாறும்போது மழை. பையைத் திறந்தால், கடை மையில் போட்ட கையெழுத்தெல்லாம் ஒன்றோடொன்று கலந்து ஒரே நீலக் குளம்!

"இதுதான் அண்ணே ஊர் ஒற்றுமை" என்றேன். அண்ணன் சிரிக்கவில்லை.

எல்லைச் சங்கதி விசாரிக்க ஓர் ஆபீசர் வருகிறார், திங்கட்கிழமை காலை நெய்யாற்றின்கரை பங்களாவில் மனு வாங்குவார் என்று தெரிந்ததும் அண்ணன் என்னைத் தேடி வந்தார்.

"எலே மக்கா, தண்ணி பட்டாலும் ஓடாத மை உண்டா?"

"உண்டு" என்றேன். இல்லை என்று சொல்ல எனக்கு யாரும் கற்றுத் தரவில்லை.

உண்மையில் ஒரு மை இருந்தது. பூவாரில் என் சிநேகிதர், பள்ளிக்கூடத்தில் அரபி சொல்லிக் கொடுக்கும் முன்ஷி காதர், ஒரு பழைய அரபிக் கையெழுத்துப் புத்தகத்தை எனக்குக் காட்டியிருந்தார். எத்தனையோ தலைமுறைக் கடற்காற்று தின்றும் தாள்தான் பழுத்திருந்தது. எழுத்து நேற்று எழுதியதுபோல் கருகருவென்று இருந்தது. எப்படி? என்ன போட்டார்கள்? எனக்குத் தூக்கம் போய்விட்டது. முன்ஷி ஒரு நோட்டில், பல நூறு வருஷத்துக்கு முந்தைய மைக் குறிப்பு ஒன்றை அரபியில் எழுதி, ஒவ்வொரு வரிக்கும் கீழே தமிழில் அர்த்தமும் எழுதித் தந்தார்.

நோட்டை விரித்தேன். இடது பக்கத்தில், "அன்பனே, கலங்காதே, பொறுமையாக இரு" என்று தொடக்கம். சரிதான், முன்னுரை! முன்னுரையை யார் படிக்கிறார்கள்? வலது பக்கத்துக்குப் போனேன். அங்கேதான் சரக்குப் பட்டியல் இருந்தது. மாசிக்காய். அன்னபேதி என்கிற இரும்பு உப்பு. கருவேலம் பிசின். ஈ மொய்க்காமல் இருக்கக் கொஞ்சம் கரியபோளம், கற்றாழைச் சாற்றை உறைய வைத்த கசப்பு.

ஆச்சரியத்தைப் பாருங்கள்... அந்தக் காலத்து அரபு எழுத்தனின் மைக் கூடு முழுக்க நெய்யாற்றின்கரைச் சந்தை மருந்துக்கடையில் கிடைக்கிறது! பிள்ளை பெற்ற வீட்டார் வாங்கும் மாசிக்காயை நான் கேட்டதும் கடைக்காரர் என் நரைத்த மீசையைப் பார்த்தார்.

"வீட்டுல பிரசவமா?"

"இல்ல, மை காய்ச்ச."

"பின்ன அன்னபேதி எதுக்கு? சோகை இருக்கா?"

"இனி வரும்" என்றேன்.

ஞாயிறு காலை மாசிக்காயை இடித்துக் கொதிக்க வைத்தேன். தவிட்டு நிறத் தண்ணீர். அன்னபேதி பச்சை உப்பு. இரண்டிலும் ஒரு பொட்டுக் கறுப்பு கிடையாது. இரண்டும் சேர்ந்ததும் பானைக்குள் ஒரு கலங்கல் ஓடியது பாருங்கள் — சாம்பலா, ஊதாவா, சொல்லத் தெரியவில்லை. குனிந்து பார்த்துக்கொண்டே நின்றதில் மீசை நுனி கருகியது. பாட்டிலில் ஊற்றினால் ராத்திரி மாதிரி இருட்டு. எழுதிப் பார்த்தேனா? நேரமில்லை. ஆராதனை முடிந்து ஜனம் பள்ளிக்கூடத்தில் காத்திருந்தது.

தாளில் முதல் கையெழுத்து அண்ணனுடையது. பால் விடாத கட்டன் சாயாவில் பாதிக்குப் பாதி தண்ணீர் ஊற்றினால் ஒரு நிறம் வருமே... அதுதான்.

"எலே, தெரியல்லியே?"

"வெளிச்சம் போதாது அண்ணே. நீங்க போடச் சொல்லுங்க!"

இருபது வருஷமாக எழுத்தில் பொய் சொல்லிப் பழகிய வாய். நம்பினார்கள். வரிசையாகப் போட்டார்கள்; நடுவில் நானும் ஒன்று போட்டேன். கடைசியில் வந்தவள் லீலாபாய் — கயிறு திரிக்கிறவள், நாற்பது வயசு. போன மனுவில் கைநாட்டு வைத்தவள். அது கரைந்ததைக் கேட்டதும், இனி கைநாட்டு வைக்க மாட்டேன் என்று சொல்லி, ஸிலேட்டில் பழகி வந்திருந்தாள். லீ-லா-பா-ய். நாலே எழுத்து. நாக்கை வெளியே துருத்திக்கொண்டு, நெற்றி வேர்க்க எழுதினாள். எழுதி முடித்துத் தள்ளி நின்று பார்த்தாள்.

"சாரே, எனக்க பேரு எங்க?"

கூட்டம் கலைந்தது. தாள்களோடு நான் மட்டும். எனக்கு வெப்ராளம், அதாவது பதற்றம், பிடித்தால் எப்படி என்று சொல்கிறேன்: முதலில் காது சூடாகும், பிறகு கை தானாக வேலை செய்யத் தொடங்கும். மேஜைமேல் அண்ணன் மறந்து போன பேனா கிடந்தது. உள்ளே நல்ல கடை நீலம். என் கையெழுத்தின் மேலேயே ஒரு தடவை போட்டேன். ஆஹா, என்ன அழகாகத் தெரிகிறது! இதேபோல் எல்லாவற்றின் மேலும் ஓட்டிவிட்டால்?

லீலாபாயின் 'லீ'க்கு மேல் பேனாவைக் கொண்டு போனேன்.

"தொடாதயும்!"

மறந்து வைத்த குடையை எடுக்க வந்தவள் வாசலில் நின்றாள்.

"தெரியல்லேன்னா தெரியல்ல. நாளைக்குப் பொழுது வெளுக்க முன்னே பங்களாவுக்கு வாறேன், பின்னும் எழுதுதேன். நீரு எழுதினா அது எனக்க பேரு இல்ல, உமக்க பேரு ஆக்கும்."

பேனாவை மூடினேன். மனுவைப் பையில் போட்டுக்கொண்டு பூவாருக்குச் சைக்கிளை மிதித்தேன். வழியில் இரண்டு வாத்துகள் உயிர் தப்பின.

நடந்ததையெல்லாம் முன்ஷி நிதானமாகக் கேட்டுக்கொண்டார். நோட்டை வாங்கினார்.

"எடது பக்கம் படிச்சேரா?"

"முன்னுரைதானே?"

"ஓய், அரபி நோட்டு வலத்தேயிருந்தாக்கும் தொடங்கும். நீரு விட்டது முன்னுரை இல்ல, முடிவு!"

படித்துக் காட்டினார். "அன்பனே, கலங்காதே, பொறுமையாக இரு. எழுதியதும் இது வெளிறித் தெரியும். காற்றுப் படப் படக் கறுக்கும். மறுநாள் வரை அதைத் தொடாதே."

அந்த எழுத்தன் என்னைத் தெரிந்துதான் எழுதியிருக்கிறான்! என்னைப்போல ஒருத்தன் அவனுக்கும் பக்கத்தில் இருந்திருப்பானோ? முன்ஷி கண்ணில் நீர் வரச் சிரித்தார். தாள்களை அவர் அறையில் கொடி கட்டித் தொங்கவிட்டு, நான் எதிரே உட்கார்ந்தேன். சாயங்காலத்துக்குள் 'பொன்னையன்' மெல்ல வந்தார். பிறகு ஒவ்வொருவராக, கூட்டத்துக்குத் தாமதமாக வருகிறவர்கள்போல, ஊரே வந்து சேர்ந்தது.

திங்கள் காலை நெய்யாற்றின்கரை பங்களா. லீலாபாய் சொன்னபடி வெளுக்கும் முன்பே வந்து நின்றாள், கையில் ஸிலேட்டோடு. தாளைக் காட்டினேன். நாலு எழுத்தும் காக்கைக் கறுப்பு. விரலை நாக்கில் தொட்டு, தன் பெயர்மேல் அழுத்தித் தேய்த்தாள். விரலைத் திருப்பிப் பார்த்தாள். சுத்தம். அதற்குப் பிறகுதான் சிரித்தாள்.

ஆபீசர் வந்தார். நல்ல மழையும் வந்தது. வராந்தாவில் அண்ணன் தாளை நீட்ட, யாரோ மடக்கிய குடையிலிருந்து தண்ணீர் தாள் நெடுக வழிந்தது. எல்லோரும் தாளின் மேல் குனிந்தோம்.

ஓர் எழுத்து அசையவில்லை... ஒன்றைத் தவிர. நடுவில் ஒரே ஒரு கையெழுத்திலிருந்து மட்டும் நீலம் புறப்பட்டு, கீழே உள்ளவர்களை நனைத்துக்கொண்டு தாளின் ஓரம் வரை ஓடியது.

ஆபீசரின் குமாஸ்தா எட்டிப் பார்த்து, யாருடையது என்று மலையாளத்தில் கேட்டார். "இது ஆருடெ?"

நான் தூணைப் பார்த்துக்கொண்டு நின்றேன். லீலாபாய்தான் சொன்னாள்.

"மை காய்ச்சின சாருக்கதாக்கும். அவருக்குத்தான் அதுல விசுவாசம் இல்ல."

எல்லைக் கோட்டை எந்தப் பக்கம் போடுவார்களோ, எனக்குத் தெரியாது. முன்னுரைகளை மட்டும் இப்போது எழுந்து நின்று படிக்கிறேன்.