அந்த வருஷம் நான் எங்கே இருந்தேன்

1. ஆடிட்டர் கேட்டது

"அம்மா, நீங்க எங்கதான் இருந்தீங்க?" என்று ஆடிட்டர் மூன்றாவது தடவையாகக் கேட்டார்.

ஓசூர் பாகலூர் ரோட்டில் ஒரு மாடியில் அவருடைய ஆபீஸ். கீழே டயர் கடை. மாடி வரைக்கும் ரப்பர் வாசனை வரும். என் கையில் துணிப்பை, பைக்குள் பாஸ்போர்ட், பேங்க் புத்தகம், எத்தியோப்பியாவில் கொடுத்த காகிதங்கள். இன்கம்டாக்ஸிலிருந்து என் போனுக்கு ஒரு மெசேஜ் வந்திருந்தது. வெளிநாட்டிலிருந்து உங்கள் கணக்குக்குப் பணம் வந்திருக்கிறது, நீங்கள் கணக்குக் காட்டவில்லை என்று அதில் இருப்பதாகப் பேங்கில் படித்துச் சொன்னார்கள். அதனால்தான் இவரிடம் வந்தேன்.

"ஆப்பிரிக்காவுல இருந்தேன் சார். எத்தியோப்பியா. ரோஜாத் தோட்டத்துல வேல."

"சரி. ஆனா இங்க பிஎஃப் கணக்க பாத்தா, அதே ரெண்டு வருஷமும் மாசா மாசம் ஓசூர்ல வேல செஞ்சிருக்கீங்க. சம்பளமும் ஏறியிருக்கு."

"அதுவும் உண்மைதான் சார்."

அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "ரெண்டும் எப்படிம்மா உண்மையாகும்?"

எனக்கு அதில் குழப்பமே இல்லை. அவருக்குத்தான் புரியவில்லை என்று நினைத்தேன். குழப்பம் எனக்கு அதன் பிறகுதான் ஆரம்பித்தது. நான் நாலாவது வரைக்கும்தான் படித்தவள். இதையும் எழுத்துக் கூட்டித்தான் எழுதுகிறேன். நீங்களும் நிதானமாகப் படியுங்கள். வெளிநாட்டு வேலைக்குக் கிளம்பும் பெண்கள் இப்போது நம் பக்கத்திலும் இருக்கிறார்கள். அவர்களுக்காக எழுதுகிறேன்.

2. பதில் ஆள்

நான் வேலை பார்த்தது ரோஜா பேக்கிங் ஹாலில். பிளாஸ்டிக் கூரை போட்ட பாலிஹவுஸில் வெட்டிய பூ தண்ணீர்ப் பக்கெட்டில் நின்றபடி ஹாலுக்கு வரும். தண்டின் நீளம் பார்த்து, மொட்டு பார்த்து, இலையில் நோய் இருக்கிறதா பார்த்துப் பிரிக்க வேண்டும். அதற்கு கிரேடிங் என்று பேர். பிரித்த பூவை இருபது இருபதாகக் கட்டினால் அது ஒரு பஞ்ச். தண்டை ஸ்கேலில் வைத்து அளப்பார்கள். நான் ஸ்கேலில் வைத்ததில்லை. கையில் எடுத்ததுமே அறுபது சென்டிமீட்டரா, எழுபதா என்று சொல்லிவிடுவேன். இதைப் பெருமைக்காகத்தான் சொல்கிறேன். பெருமைப்பட எனக்கு உரிமை இருக்கிறது.

எங்கள் ஹாலில் ஒரு பழக்கம் உண்டு. ஒருத்தி பிரசவத்துக்குப் போனால் அவள் தங்கச்சி வந்து நிற்பாள். மாமியாருக்கு ஆபரேஷன் என்றால் நாத்தனார் வருவாள். டோக்கன் நம்பர் மாறாது, பேர் மாறாது, டேபிள் மாறாது. மேஸ்திரி பழைய பேருக்கே டிக் அடிப்பார். கைரேகை மெஷின் அப்போது எங்கள் ஹாலுக்கு வரவில்லை. இதைப் பதில் ஆள் என்போம். பதில் ஆள் வைக்காமல் போனால் திரும்பி வரும்போது இடம் இருக்காது. யாரும் இதைத் திருட்டு என்று நினைத்ததில்லை. இட்டிலிக் கடையில் நாற்காலியில் துண்டு போட்டுவிட்டுக் கை கழுவப் போவது மாதிரிதான்.

எங்கள் முதலாளிக்குத் தெரிந்தவர் எத்தியோப்பியாவில் தோட்டம் போட்டார். அங்கே பெண்களுக்கு கிரேடிங் சொல்லித்தர ஓர் ஆள் வேண்டும் என்றார். ஹாலில் என்னைக் கை காட்டினார்கள். தலை நரைத்த பிறகு பாஸ்போர்ட் எடுத்தேன். வேலை விசா ஒரு வருஷத்துக்குத்தான், பிறகு நீட்டுவார்கள் என்றார்கள்.

எனக்குப் பதில் ஆளாக ராதம்மாவை வைத்துவிட்டுப் போனேன். அவள் என் ஓரகத்தி, என் வீட்டுக்காரரின் தம்பி பெண்டாட்டி. தம்பி லாரி விபத்தில் இறந்துவிட்டான். அவளுக்கு ஒரு மகள், பள்ளிக்கூடம் போகிறவள். ஹால் சம்பளம் என் பேங்க் கணக்குக்கு வரும். ஏடிஎம் கார்டை அவளிடமே கொடுத்துவிட்டேன். எத்தியோப்பியாச் சம்பளமும் அதே கணக்குக்குத்தான் வந்தது. எனக்கு இருந்ததே அந்த ஒரு கணக்குதான். ஹால் சம்பளத்துக்கு மேல் அவள் ஒரு ரூபாய் எடுத்தவள் இல்லை.

3. ஒரு மணிக்கு வரச் சொன்னார்கள்

அங்கே போன முதல் நாளே அடி சறுக்கியது. நாளைக்கு ஒரு மணிக்கு வேலை என்றார்கள். மதியம்தானே என்று துணி துவைத்துக் காயப் போட்டுவிட்டு, சாப்பிட்டுவிட்டு, சாவகாசமாகப் போனேன். போனால் பாதி பூ பேக்காகிவிட்டது. அந்த ஊரில் சூரியன் கிளம்பியதிலிருந்துதான் மணி எண்ணுவார்கள். நமக்குக் காலை ஏழு என்றால் அவர்களுக்கு ஒன்று.

தோட்டத்து மேனேஜர் சித்தூர்ப் பக்கத்துக்காரர். தெலுங்கு பேசுவார். எனக்கும் வீட்டில் பாதி தெலுங்குதான், அதனால் பிழைத்தேன். அவர் தலையில் அடித்துக்கொண்டு, "அக்கா, இங்க மணி மட்டும் இல்ல, வருஷமும் வேற" என்றார். அன்றைக்கு அதைக் காதில் வாங்கவில்லை.

முதல் சம்பளத்தில் ஒரு பகுதியை வெட்டிவிட்டுக் கொடுத்தார்கள். நான் அக்கவுண்ட்ஸ் அறைக்குப் போய் நின்றேன். அங்கே ஆல்மாஸ் என்று ஒரு பெண். நல்ல உயரம், கழுத்தில் சிலுவை. மேனேஜர் நடுவில் நின்று மொழி மாற்றினார்.

"எதுக்கு வெட்டினாங்கன்னு கேளுங்க."

"டாக்ஸ் அக்கா. கவர்மெண்டுக்கு."

"எந்த கவர்மெண்டுக்கு? நான் இந்தியாக்காரி."

ஆல்மாஸ் சிரித்தாள். அவள் சொன்னதை மேனேஜர் இப்படிச் சொன்னார்: "நீ இங்க சம்பாதிக்கிற, இந்த ரோட்டுல நடக்கிற, அதனால இங்க கட்டணும்னு சொல்றா."

நியாயமாகத்தான் பட்டது. அதற்குப் பிறகு நான் கேட்கவில்லை. நம் ஊருக்குத் திரும்பும்போது, வரி பாக்கி இல்லை என்று அவர்கள் ஆபீஸில் ஒரு காகிதம் வாங்கினால்தான் கணக்கு முடியும் என்றாள். என்னோடு அவளே வந்து வாங்கித் தந்தாள். அதைப் புடவைக்கு நடுவில் வைத்துக் கொண்டுவந்தேன்.

ஊருக்கு வந்து, மறுபடி ஹாலுக்குப் போகலாம் என்று இருந்தபோது முழங்கால் பிடித்துக்கொண்டது. நிற்க முடியவில்லை. ராதம்மாவே என் டோக்கனில் நின்றுகொண்டிருந்தாள். அப்போதுதான் அந்த மெசேஜ் வந்தது.

4. நாலு வருஷப்பிறப்பு

ஆடிட்டர் நல்ல மனுஷர். டீ வரவழைத்துக் கொடுத்துப் பொறுமையாகச் சொன்னார். வேலைக்காக வெளிநாடு போய், வருஷத்தில் பாதிக்கு மேல் இங்கே இல்லாமல் இருந்தால், அங்கே சம்பாதித்ததற்கு இங்கே வரி இல்லை. இங்கே இருந்தவர் என்றால், உலகத்தில் எங்கே சம்பாதித்தாலும் இங்கே கணக்கில் வரும். அங்கே வெட்டியதைக் காட்டிக் கழித்துக்கொள்ளலாம்.

"அந்த ஊர் காகிதத்த குடுங்க, பாக்கலாம்."

கொடுத்தேன். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதுல ஏழு வருஷம் முன்னாடி தேதி போட்டிருக்கும்மா. அப்ப உங்களுக்கு பாஸ்போர்ட்டே இல்ல."

தாளை வாங்கி நானும் பார்த்தேன். ஆல்மாஸ் ஏமாற்றிவிட்டாளா? அப்போதுதான் மேனேஜர் சொன்னது நினைவு வந்தது. அந்த ஊரில் நம்மைவிட ஏழெட்டு வருஷம் பின்னால்தான் நடக்கிறது. அவர்களுக்கு வருஷம் செப்டம்பரில் பிறக்கும். வரிக்கு மட்டும் ஜூலையில் பிறக்கும். ஆடிட்டரோ நம் வரி வருஷம் ஏப்ரல் ஒன்று என்கிறார். எனக்குத் தெரிந்தது சித்திரை ஒன்று.

"எந்த வருஷத்த எந்த வருஷத்தோட வச்சு பாக்குறது சார்?"

"அத நான் பாத்துக்குறேன். காலண்டர் மாத்தி எழுதிடலாம். அது பெரிய விஷயமில்ல" என்றார். "ஹால்தான்மா பெரிய விஷயம். பாஸ்போர்ட் சீல் நீங்க அங்க இருந்ததா சொல்லுது. பிஎஃப் நீங்க இங்க இருந்ததா சொல்லுது. டிபார்ட்மெண்ட்ல கேட்டா, ஹால்ல நின்னது யாருன்னு எழுதிக் குடுக்கணும்."

"எழுதினா?"

"அவங்க வேலை போகும். கம்பெனிக்காரன் சும்மா விட மாட்டான்."

"எழுதலன்னா?"

"ஓசூர்லயே இருந்தேன்னு சொல்லிட்டு, எல்லாத்துக்கும் இங்க கட்டிட வேண்டியதுதான். அங்க போகவே இல்லன்னு சொன்னா அந்த ஊர் காகிதத்த காட்டிக் கழிக்க முடியாது, அங்க கட்டுனது போனதுதான். அப்படி எழுதறது பொய். நான் செய்ய மாட்டேன். நீங்க வேற ஆள் பாத்துக்கணும்."

படி இறங்கும்போது எனக்கு ஒன்றுதான் தெளிவாகத் தெரிந்தது. உண்மையை எழுதினால் ராதம்மாவின் வேலை போகும்.

5. ராதம்மாவின் கோபம்

பஸ்ஸிலேயே முடிவு செய்துவிட்டேன். வேறு ஆளைப் பார்த்து, இரண்டாவது தடவையும் கட்டிவிடுவது. கை இருக்கிறது, சம்பாதித்தேன், கட்டுகிறேன். ஒரு சின்னப் பெண்ணை வைத்துக்கொண்டு இருக்கிறவள் வயிற்றில் நான் அடிக்க மாட்டேன். இப்படி நினைத்தபோது என்னைப் பற்றி எனக்கே உயர்வாக இருந்தது.

சாயங்காலம் ராதம்மா வேலை முடிந்து வந்தாள். முள் குத்திய விரலில் பிளாஸ்டர் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். சொன்னேன். சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன். அவள் பிளாஸ்டரைப் பிய்த்து வீசினாள்.

"உன்ன யாரு கட்டச் சொன்னது?"

"உனக்காகத்தான்டி."

"எனக்காக, எனக்காகன்னு நீயே சொல்லிகினு இருக்கற. என்ன ஒரு வார்த்த கேட்டியா?"

"கேக்கறதுக்கு இன்னா இருக்குது? எழுதினா உன் வேல போயிடும்."

"அது என் வேலயா?" என்றாள். "ஹால்ல என்ன எல்லாரும் உன் பேர வெச்சு லட்சுமம்மான்னுதான் கூப்பிடறாங்க. புதுசா வந்த பொண்ணுங்களுக்கு என் பேரே தெரியாது. பூ நல்லா கட்டினா, லட்சுமம்மா கைன்னா கைதான்றாரு மேஸ்திரி. நான் கட்டின பூவுக்கு."

அவள் கட்டியதும் நல்ல கட்டுதான் என்று எனக்குத் தெரியும். நான் யாரிடமும் சொன்னதில்லை.

"இப்ப நீ இங்கதான் இருந்தேன்னு எழுதிட்டா, அத்தினி நாளும் நான் எங்க இருந்தேன்? வூட்ல தூங்கினனா? என் பொண்ணு கேட்டா நான் இன்னா சொல்றது?"

"வேல போனா சோத்துக்கு?"

"கைய எடுத்துகினா போறாங்க? எழுதுக்கா. நான் நின்னேன்னு எழுது."

அன்றைக்கு இரண்டு பேரும் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தோம். ரசத்தில் அவள் உப்புப் போட மறந்திருந்தாள். உப்பு டப்பாவை எடுக்க இரண்டு பேருமே எழுந்திருக்கவில்லை.

6. மேனேஜர் அறையில்

எழுதுவதற்கு முன் ஹால் மேனேஜரிடம் சொல்லிவிடுவதுதான் முறை என்று போனோம். அவர் மாலூர்க்காரர். கோபம் வந்தால் கன்னடத்துக்குப் போய்விடுவார்.

"லட்சுமம்மா, இன்னா இது? இத்தினி வருஷமா எல்லாரும் செய்றதுதானே. நீ ஏன் பேப்பர்ல ஏத்தற?"

"டாக்ஸ்காரங்க கேக்கறாங்க சார்."

"கேட்டா கட்டிடு. கட்ட துட்டு இல்லன்னா அட்வான்ஸ் தரேன். ராதம்மா, நீயாவது சொல்லு."

"நான்தான் சார் எழுதச் சொன்னேன்" என்றாள் ராதம்மா.

அவர் அவளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். எங்களில் யாரைத் திட்டுவது என்று அவருக்குத் தெரியவில்லை. "ஹோகம்மா, ஹோகு" என்று கையை வாசல் பக்கம் காட்டினார். போ என்று அர்த்தம். "ரெண்டு பேருக்கும் இனி இங்க டோக்கன் இல்ல."

அவர் மேல் எனக்கு வருத்தம் இல்லை. மேலே கேட்டால் அவர்தான் பதில் சொல்ல வேண்டும்.

ஆடிட்டர் எங்கள் வாக்குமூலத்தைத் தமிழில் எழுதி வாசித்துக் காட்டினார். நான் எத்தியோப்பியாவில் வேலை விசாவில் இருந்தேன் என்று ஒரு பத்தி. அந்தக் காலம் முழுக்க என் டோக்கனில் கிரேடிங் செய்தவள் இன்னாரின் மனைவி ராதம்மா என்று ஒரு பத்தி. நான் கையெழுத்துப் போட்டேன். அவளும் போட்டாள், ஒவ்வொரு எழுத்தாக, நாக்கைக் கடித்துக்கொண்டு. பாஸ்போர்ட் நகல், அந்த ஊர்க் காகிதம், தேதி மாற்றிய தாள் எல்லாம் சேர்த்து அனுப்பினார்.

பல மாதம் கழித்து, "முடிஞ்சிருச்சும்மா" என்று போன் செய்தார். என்ன முடிந்தது, எப்படி முடிந்தது என்று கேட்டேன். அசெஸ்மெண்ட் வருஷம் என்று ஏதோ சொன்னார். அது போன வருஷமா, வருகிற வருஷமா என்று இன்றைக்கும் எனக்குப் பிடிபடவில்லை. ஓசூரில் ஏறிய பிஎஃப் பணம் யாருடையது என்பதும் இன்னும் தீரவில்லை. அது தனியாக நடக்கிறது.

7. தளி ரோட்டில்

வேலை போன பிறகு ராதம்மா கல்யாண மண்டபத்தில் பாத்திரம் தேய்த்தாள். பிறகு தளி ரோட்டில் ஒரு ரோஜாத் தோட்டத்தில் ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனோம். முழங்கால் வலியோடு நானும் துணைக்குப் போனேன்.

சூப்பர்வைசர், "எக்ஸ்பீரியன்ஸ் இருக்கா?" என்று கேட்டார்.

"கிரேடிங் தெரியும் சார்."

"எல்லாரும் தெரியும்னுதான் சொல்றாங்க. எங்க செஞ்ச? லெட்டர் இருக்கா?"

நான் வாயைத் திறந்தேன். அவள் என் கையைப் பிடித்து நிறுத்திவிட்டு, பையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினாள். ஆடிட்டர் எழுதிய வாக்குமூலத்தின் நகல். அவள் அதை எடுத்து வைத்திருப்பதே எனக்குத் தெரியாது.

அவர் பாதி படித்துவிட்டு நிமிர்ந்தார். "இன்னாம்மா இது, இன்கம்டாக்ஸ்னு போட்டிருக்குது?"

"கீழ படிங்க சார். ரெண்டாவது பத்தி. என் பேரு இருக்கும்."

அவர் படித்தார். படித்துவிட்டு என்னைப் பார்த்தார். "இதுல சொல்ற லட்சுமம்மா யாரு?"

"நான்தான்."

"நீங்க எங்க இருந்தீங்க?"

"நான் இங்க இல்ல சார்" என்றேன். "அவதான் இருந்தா."

புது ஆளுக்கு உள்ள சம்பளத்தில்தான் எடுத்தார்கள். அவளுக்குக் கொடுத்த அட்டையில் ராதம்மா என்று போட்டிருந்தது.

வெளிநாட்டு வேலைக்குப் போகிறவர்களே, விசா, வரி எல்லாம் எனக்கு முழுசாகப் புரியவில்லை. நல்ல ஆடிட்டரைக் கிளம்புவதற்கு முன்பே போய்க் கேளுங்கள். ஒன்று மட்டும் என்னால் சொல்ல முடியும். போகிறபோது உங்கள் பேரையும் கூடவே எடுத்துக்கொண்டு போங்கள். அந்த இடத்தில் நிற்க வருகிறவளுக்கும் ஒரு பேர் இருக்கிறது.