கால் முந்திப் பிறந்தவர்

என் மாமியார் கால் முந்திப் பிறந்தவர். அப்படிப் பிறந்தவர் மிதித்தால் இடுப்புப் பிடிப்பு விட்டுவிடும் என்று எங்கள் தேயிலை எஸ்டேட்டில் எல்லோரும் நம்புவார்கள். கொழுந்து பறித்துவிட்டு வரும் பெண்கள் எங்கள் வாசலில் குப்புறப் படுப்பார்கள், அவர் ஏறி மிதிப்பார்.

என் முதல் குழந்தைக்கும் கால்தான் முதலில் வந்தது. "என்னய மாதிரியே வருது," என்று மாமியார் சந்தோஷப்பட்டார். தலை மாட்டிக்கொண்டது. ஜீப் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

இரண்டாவது குழந்தைக்கும் தலை திரும்பவில்லை. ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா வயிற்றின் மேல் கை வைத்துத் திருப்பிப் பார்த்தார், நடக்கவில்லை.

"சில இடத்துல இப்பிடி இருந்தாலும் சுகப்பிரசவம் பார்ப்பாங்க. அதுக்குக் கை பழகின ஆளு வேணும், இங்க இல்ல. ஆபரேஷன்தான் பிள்ளைக்கு நல்லது," என்றார்.

"நான் பொறக்கலையா? வயித்தக் கிழிச்சா இவ எப்பிடி மலையேறி கொழுந்து எடுப்பா?" என்றார் மாமியார்.

"உங்க காலு இடுப்புக்குத்தாங்கம்மா மருந்து, பிரசவத்துக்கு இல்லீங்க," என்றார் மாமியாரை முன்பே தெரிந்த நர்ஸ்.

என் கணவர் தரையைப் பார்த்துக்கொண்டே, "அம்மா சொல்றதையும் கேளேன்," என்றார்.

செத்த பிள்ளையின் முகம் எனக்கு ஞாபகம் இல்லை. கால்கள்தான் ஞாபகம் இருக்கின்றன.

"ஆபரேஷனே பண்ணிருங்க டாக்டரம்மா," என்றேன்.

தேதி கொடுத்தார்கள். திரும்பும் பஸ்ஸில் ஜன்னலோரம் மாமியார், இந்தப் பக்கம் கணவர், நடுவில் நான். பந்தலூர் வரை இரண்டு பேரும் முகத்தை ஆளுக்கொரு பக்கம் திருப்பிக்கொண்டு வந்தார்கள். தேதிக்கு முன்னால் வலி வந்தால் ஜீப் கூப்பிட வேண்டியவர்கள் இவர்கள்தான்.