நான் நகர்த்திய தொட்டி

என் வீட்டுக்காரர் மகாதேவனுக்கு டாலிகஞ்சில் எங்கள் சந்து வைத்த பெயர் கிறுக்கன். நானும் அப்படித்தான் நினைத்தேன். வங்கி அதிகாரி, ஞாயிற்றுக்கிழமையானால் டேப்பை எடுத்துக்கொண்டு தெருவை அளப்பார். மெயின் ரோட்டில் நெரிசல் என்றால் டாக்சிக்காரர்கள் எங்கள் சந்துக்குள் புகுந்து பறப்பார்கள். துர்கா பூஜைக்குப் பந்தல் போடும் நாட்களில் மட்டும் மூங்கில்கள் தெருவை நெருக்கி நிற்க, வண்டிகள் ஊர்ந்து போகும்.

"வருஷம் பூரா இப்படியே இருக்கட்டுமே, சாவித்ரி!" என்றார்.

தொண்ணூற்றேழில் வீடு வீடாக ஏறி இறங்கிக் கையெழுத்து வாங்கினார். சந்து முனையில் இந்தப் பக்கம் ஒன்று, சற்றுத் தள்ளி அந்தப் பக்கம் ஒன்று என இரண்டு சிமெண்டுத் தொட்டிகள் வந்தன. செம்பருத்தி நட்டார். அதன் பிறகு கார்கள் வளைந்து மெதுவாகத்தான் போக முடிந்தது. வேன் நுழையவே முடியாது.

இரண்டாயிரத்து ஒன்றில் எங்கள் பெண் பத்மஜாவுக்கு நிச்சயதார்த்தம். சாந்த்ராகாச்சியிலிருந்து சம்பந்தி வீட்டார் வேனில் வருகிறார்கள்.

"பட்டுப்புடவையோட அவா சேத்துல நடந்து வரணுமா? ஏன்னா, மானம் போயிடும்!"

"தொட்டியத் தொடப்படாது."

அவர் பூ வாங்கப் போன நேரம் பார்த்து, இரண்டு ரிக்‌ஷாக்காரர்களைக் கடப்பாரையோடு கூப்பிட்டு ஒரு தொட்டியை ஓரம் கட்டினேன். திரும்பி வந்தவர் அதைப் பார்த்துவிட்டு விருந்தாளிகளை வரவேற்கப் போனார். மறுநாள் அலுவலக வேலையாக ஆசன்சோல் கிளம்பும்போது, "இன்னிக்கே திருப்பி வச்சுடு" என்று மட்டும் சொன்னார். நாளைக்கு வைக்கலாம் என்று விட்டேன். வாசல் வரை டாக்சி வருவது சுகமாக இருந்தது, சீ!

மூன்றாம் நாள் எதிர்வீட்டு ஷெபாலி பால் வாங்கிக்கொண்டு வந்தாள். ஒரு டாக்சி நேராகப் பாய்ந்து வந்து அடித்தது. இடுப்பெலும்பு முறிந்தது.

அவர் ஆசன்சோலிலிருந்து திரும்பியதும் எங்கள் தெரு கிளப்பில் கூட்டம் போட்டார்கள். தொட்டியை எடுத்தது யார் என்று கேட்டார்கள். பெண்கள் வரிசையில் நான் குனிந்து புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டேன். அவர் எழுந்தார்.

"நான்தான் எடுக்கச் சொன்னேன். எங்க வீட்டு விசேஷத்துக்காக" என்றார் பெங்காலியில்.

ஊருக்குத்தான் சட்டமா, உங்கள் வீட்டுக்கு இல்லையா என்று ஆளாளுக்குக் கத்தினார்கள். நான் எழுந்திருந்திருக்கலாம். எழுந்திருக்கவில்லை.

"ஏன்னா அப்படிச் சொன்னேள்?" என்று வீட்டில் கேட்டேன்.

"நீ தினம் அவா மூஞ்சியில முழிக்கணுமே" என்றார்.

ஷெபாலி அவரோடு கடைசிவரை பேசவில்லை. இரண்டாயிரத்து ஆறில் அவர் போனபோது கோலை ஊன்றிக்கொண்டு வந்து என் கையைப் பிடித்து அழுதாள். அவர் முகத்தைப் பார்க்கவில்லை. இப்போதும் குளிர்காலம் வந்தால் புது வெல்லம் போட்டு, பிட்டே என்கிற அவர்கள் ஊர்க் கொழுக்கட்டை செய்து எனக்கு அனுப்புகிறாள். வெட்கங்கெட்டவள் நான், வாங்கித் தின்கிறேன்.