சோலைப் பாதைக்காக நான் சொன்ன பொய்

அந்தக் கரடியைக் கொன்றவன் நான்தான். அந்தப் பழியை இன்னொருவன் தலையில் விழவிட்டு வேடிக்கை பார்த்தவனும் நான்தான்.

இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சுற்றி வளைத்துச் சொன்னால், நடுவில் எங்காவது எனக்காக நானே வாதாடத் தொடங்கிவிடுவேன். பேச்சில் நான் கெட்டிக்காரன். அந்தக் கெட்டிக்காரத்தனம்தான் என்னைக் கெடுத்தது!

என் பெயர் வெள்ளையன். கொல்லிமலையில் தேவனூர் நாட்டுக்காரன்; பல ஊர்கள் சேர்ந்தது எங்களுக்கு ஒரு நாடு. மிளகு, மரவள்ளி, பள்ளத்து வயலில் கொஞ்சம் நெல். ஒரு காலத்தில் நாட்டுத் துப்பாக்கியும் இருந்தது. ஆம், வேட்டையாடினேன், கூடாது என்று சட்டம் சொன்ன பிறகும் ஆடினேன். அதை யாரிடமும் நான் மறைத்ததில்லை. நான் மறைத்தது வேறு.

காட்டில் மிருகம் குறைகிறது என்பதை முதலில் அறிகிறவன் யார் என்று நினைக்கிறீர்கள்? வேட்டைக்காரன்தான். காலடி பார்த்தே பழகிய கண் அவனுக்கு. கேளையாடு நின்று தண்ணீர் குடித்த ஓடையில் ஒரு குளம்புத் தடம்கூட இல்லாமல் போனபோது, நானும் என் கூட்டாளி செல்லமுத்துவும் இன்னும் சிலரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். சோலைக்காட்டின் ஓரத்தை வெட்டி வெட்டி, மிளகுக்கொடி ஏற்றச் சில்வர் ஓக் மரம் வைத்துக்கொண்டே போனோம். எஞ்சிய காட்டில் திரும்பிய பக்கமெல்லாம் சுருக்குக் கண்ணி. மிருகம் எங்கே நிற்கும்?

துப்பாக்கிகளை ஒப்படைத்தோம். கண்ணிகளைத் தேடித் தேடிப் பிடுங்கினோம். ‘சோலையை வெட்டாதீர்கள்’ என்று ஊர் ஊராகவும், ‘சோலைக்குப் போகிற பாதையை ஊருக்கு மூடாதீர்கள்’ என்று வனத்துறையிடமும் பேசினோம். எங்கள் வயலுக்குத் தண்ணீர் அந்தச் சோலையிலிருந்துதான் வருகிறது. விழுந்த விறகும் தேனும் கடுக்காயும் அங்கேதான். முன்னால் நின்று பேசியது நான். கண்ணி வைப்பவனை நான் திட்டிய திட்டு இன்னும் பலருக்கு நினைவிருக்கும்.

அந்த நானே ஒரு கண்ணி வைத்தேன்!

காட்டுப்பன்றி என் மரவள்ளிக் கொல்லையை உழுது போட்டிருந்தது. ஆத்திரம். வேறு காரணம் சொல்ல மாட்டேன். பக்கத்தில் சோளக்காடு என்ற ஊரில் தேவராஜ் என்று ஒரு மெக்கானிக் இருந்தான். நாமக்கல் பக்கத்திலிருந்து வந்து, தகரக் கொட்டகை போட்டு, எங்கள் பைக்குகளைப் பார்த்துக்கொண்டிருந்தவன். அவனிடம் பழைய கிளட்ச் ஒயர் கேட்டேன்.

“எதுக்குங்கண்ணே?” என்றான்.

“படல் கட்டத்தாம்ப்பா” என்றேன்.

கொல்லைக்கு மேலே, சோலை தொடங்குகிற இடத்தில், பன்றி வரும் தடத்தில் வைத்தேன். மறுநாள் காலை பனி விலகுமுன் போய்ப் பார்த்தேன்.

பன்றி இல்லை. கரடி.

அது உயிரோடு இருந்தது... இடுப்பில் ஒயர் இறுகியிருந்தது. சுற்றியிருந்த மண்ணெல்லாம் கீறிக் கிடந்தது. என்னைப் பார்த்ததும் எழ முயன்றது, முடியவில்லை.

நான் என்ன செய்திருக்க வேண்டும்? ஓடிப்போய் வனத்துறை ஆபீஸில் சொல்லியிருந்தால் டாக்டரை அழைத்து வந்திருப்பார்கள். பிழைத்திருக்கலாம். என் பெயர் கெட்டிருக்கும், அவ்வளவுதானே! வீட்டுக்கு வந்தேன். மனைவி கொடுத்த களியைத் தின்றேன். மிளகுக்கொடிக்குத் தண்ணீர் விடப் போனேன். சாயங்காலம் விறகு எடுக்கப் போனவர்கள் கரடி செத்துக் கிடப்பதாகச் சொல்லிக்கொண்டு வந்தார்கள். நானும் அவர்களோடு ஓடினேன், முதன்முறை பார்ப்பவனைப் போல!

பாதையை மூடப் போகிறோம் என்று வனத்துறை அறிவித்தது. பஞ்சாயத்து ஆபீஸில் ஊரைக் கூட்டினார்கள். ரேஞ்சர் அம்மா நியாயமானவர். எங்கள் பேச்சைக் கேட்க வேண்டும் என்று அவரே வந்திருந்தார். மேசைமேல் அந்த ஒயர் கிடந்தது.

நான் எழுந்தேன்.

“ஏனுங்கம்மா, பாதையை மூடிட்டாக் கண்ணி வெக்கிறவன் வராம இருப்பானுங்களா? அவனுக்குப் பாதையே வேண்டாமுங்க, பொதருக்குள்ள பூந்து வருவான். பாதையில போறது நாங்க. நாங்க போனாத்தான் கண்ணி கண்ணுல படும். ஊரை வெளிய நிறுத்திட்டு இந்தக் காட்டை யாருங்க காக்கறது? எவனோ ஒருத்தன் செஞ்சதுக்கு ஊரே தண்டனை அனுபவிக்கோணுமுங்களா?”

கூட்டம் கை தட்டியது. அந்தப் பேச்சில் ஒரு சொல்லைக்கூட இன்றும் நான் திரும்பப் பெற மாட்டேன். அத்தனையும் சரி. அங்கேயே உட்கார்ந்திருக்க வேண்டும்...

ரேஞ்சர் அம்மா கேட்டார்: “நல்லாத்தான் பேசறீங்க. வெச்சது உங்க ஊர்க்காரர் இல்லைன்னு உங்களால உறுதியாச் சொல்ல முடியுமா?”

‘தெரியாதுங்க’ என்றிருந்தால்கூடப் போதும். சொல்லவில்லை.

“மலைக்காரன் கை இல்லீங்க அது. பைக் கிளட்ச் ஒயருங்க. எல்லாம் கீழ இருந்து வந்தவங்க வேலை.”

பெயரை நான் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய தேவையே இருக்கவில்லை. கதவோரம் நின்ற தேவராஜ் பக்கம் எல்லாத் தலைகளும் திரும்பின. அவன் என்னை மட்டும் பார்த்தான்.

பாதை மூடப்படவில்லை. காவல் பொறுப்பை எங்கள் குழுவிடமே கொடுத்தார்கள். தேவராஜ் மேல் வழக்கு ஏதும் இல்லை, சாட்சி இல்லையே! ஆனால் அவன் கொட்டகைக்கு யாரும் வண்டியை விடவில்லை. சில வாரங்களில் தகரத்தைக் கழற்றி ஏற்றிக்கொண்டு, மனைவியோடு மலையிறங்கினான்.

சோலை பிழைத்தது. இதைத் தலைநிமிர்ந்தே சொல்வேன். சில்வர் ஓக் வைப்பது ஓரத்தோடு நின்றது. கோடையிலும் ஓடையில் தண்ணீர் வருகிறது. குட்டிகளை முதுகில் சுமந்து ஒரு கரடி பாறையேறிப் போனதை நானே பார்த்தேன். குண்டூர் நாட்டிலிருந்தும் பைல் நாட்டிலிருந்தும் என்னைப் பேசக் கூப்பிட்டார்கள். போனேன், பேசினேன், மாலை போட்டார்கள். ஒவ்வொரு மாலைக்கும் கழுத்தைக் குனித்துக் கொடுத்தேனே... அப்போது எனக்குக் கூசவில்லையா என்று கேட்கிறீர்களா? கூசியது. பழகியும் போனது.

போன வருடம் மிளகு விற்கச் சேந்தமங்கலம் போனேன். ஒரு பட்டறையில் குனிந்து வேலை செய்துகொண்டிருந்த முதுகு தெரிந்த முதுகாக இருந்தது. தேவராஜ்! அவன் நிமிர்ந்து பார்த்துவிட்டு, ஸ்டூலைத் தள்ளிப் போட்டான்.

நானே தொடங்கினேன். “அந்த ஒயர் நான் வாங்கினதுன்னு உனக்குத் தெரியுமில்ல... ஏம்ப்பா அன்னிக்குச் சொல்லல?”

“சொன்னேனுங்கண்ணே” என்றான், கையிலிருந்த கிரீஸைத் துடைத்துக்கொண்டே. “டீக்கடையில உங்க ஊரு ஆளுங்ககிட்டயே சொன்னேன். வெள்ளையண்ணன் மேலயே பழி போடறியான்னு அடிக்க வந்துட்டாங்க. ஊட்டுல அப்ப மாசமா இருந்தா. பயந்துட்டா. அதான் வந்துட்டோமுங்க.”

அவன் குரலில் கோபம் இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. அவன் உண்மையைச் சொல்லியிருக்கிறான். என் நல்ல பெயர் அவன் வாயை அடைத்திருக்கிறது!

ஊர் திரும்பியதும் செல்லமுத்துவிடமும் மற்றவர்களிடமும் எல்லாவற்றையும் சொன்னேன். செல்லமுத்து சொன்னான்: “இப்பப் போயிச் சொன்னீன்னாப் பாதை போயிரும் மச்சான். உன்னோட நிக்காது. ஊரு தண்ணியப் பாரு.”

நான் அவனுக்குச் சொன்ன பதிலில் மட்டும் எனக்கு இன்றும் சந்தேகம் இல்லை.

“ஒருத்தன் செஞ்சதுக்கு ஊரைத் தண்டிக்கக் கூடாதுன்னு நாந்தானே பேசுனேன்? அந்த ஒருத்தன் நம்மூர்க்காரன்னா மட்டும் அந்த நியாயம் மாறிப்போயிருமா? பாதை பொதுவுடா. குத்தம் என்னுது.”

ஆபீஸுக்குப் போனேன். இப்போது இருப்பவர் வேறு ரேஞ்சர். சொன்னதையெல்லாம் எழுதிக்கொண்டார். வழக்குப் பதிந்து கைது செய்தார்கள், ஜாமீனில் வந்திருக்கிறேன். சோலைக்குள் கால் வைக்க எனக்குத் தடை. பாதை திறந்தே இருக்கிறது. செல்லமுத்துதான் இப்போது குழுவுக்குத் தலைவன். முகம் கொடுத்துப் பேசுவதில்லை என்றாலும், காவலை ஒரு நாளும் விட்டதில்லை.

நாளை எந்த மன்றத்தில் நிறுத்தினாலும் இரண்டையும் சொல்வேன்: காட்டுக்காக நான் பேசியது சரி. அதைப் பேசிய வாயால் நான் சொன்ன பொய் கொடுமை. ஒன்றை வைத்து மற்றொன்றைக் கழித்துவிட முடியாது. நானும் கழித்துப் பார்த்தவன்தான்!

தேவராஜுக்குப் போன் செய்தேன். ஆபீஸில் சொல்லிவிட்டேன் என்றேன். ஊர்க்கூட்டத்திலும் அவன் பெயரைச் சொல்லி, அவன் குற்றமற்றவன் என்று அறிவித்துவிட்டேன் என்றேன். மறுபடியும் சோளக்காட்டில் கடை போட வந்தால் இடம் பார்த்துத் தருகிறேன் என்றேன். மூச்சுவிடாமல் பேசினேன்... எப்போதும் போல நன்றாகத்தான் பேசினேன்.

அந்தப் பக்கம் ஒரு வண்டியை முறுக்குகிற சத்தம் கேட்டது.

“சரிங்கண்ணே. கடையில ஆள் நிக்குதுங்க” என்று சொல்லிப் போனை வைத்துவிட்டான்.

திரும்ப நான் அழைக்கவில்லை. மன்னிப்பை என்ன சொல்லிக் கேட்பது என்று எனக்குத் தெரியவில்லை. அவனும் இன்றுவரை அழைக்கவில்லை.