நைனா சரியென்று சொல்லாத கூட்டம்

அறுபதுகளின் கடைசியில் அடித்த ஒரு புயல், பழவேற்காடு ஏரியின் வடகரையில் இருந்த ஒரு குப்பத்தின் குடிசைகளை அடித்துக்கொண்டு போய்விட்டது. மிஞ்சிய இரண்டு படகுகளோடு நான்கு குடும்பங்கள் எங்கள் குப்பத்துக்கு வந்து, எங்கள் பக்கத்து ஏரியில் கொஞ்ச காலம் மீன் பிடித்துக்கொள்ள அனுமதி கேட்டன. எங்கள் ஊரில் வீட்டுக்கு ஒரு தலைக்கட்டு; அத்தனை பேரும் ஒத்துக்கொண்டால்தான் முடிவு. ஒருவர் மறுத்தாலும் பேச்சு மறுநாளைக்குப் போகும்.

காலையில் அம்மன் கோயில் முன்னால் கூடினார்கள். எல்லோரும் தலையாட்ட, என் நைனா மட்டும் எழுந்தார்.

"நான் ஒத்துக்கமாட்டேன். போன வருசம் என் வலைய அறுத்தது இவனுங்க ஊர்க்காரனுங்கதான்."

எனக்கு அப்போது கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. பெண்கள் பக்கத்தில், வந்தவர்களில் ஒருத்தி கைக்குழந்தையோடு என்னை ஒட்டி உட்கார்ந்திருந்தாள். முந்தின நாள் எங்கள் வீட்டில்தான் சாப்பிட்டாள். நைனா பேசப் பேச அவள் குழந்தையின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு உடம்பெல்லாம் கூசியது.

மறுநாளும் அதே பேச்சு. "ஒரு ஆளுக்காவ ஊரே காத்துக்கினு கெடக்கணுமா?" என்று யாரோ கத்தினார். ஊர்த்தலைவர் அவரை அடக்கிவிட்டு நைனாவிடம் திரும்பினார்.

"அண்ணே, உன் வலை போச்சு, இல்லன்னு யாரும் சொல்லல. இப்ப உனுக்கு இன்னா பயம்? அத்தச் சொல்லு."

"இருட்டுல யார் வலைய யார் இழுக்கிறான்னு தெரியாது" என்றார் நைனா.

வந்தவர்களில் வயதானவர் எழுந்தார். "அறுத்தது எங்க ஆளுங்கதான். இனிமே வெளிச்சத்துலதான் போவோம். உங்க படகுங்க கண்ணெதிர்லயே வலை போடறோம்."

"சரின்னு என் வாயால சொல்லமாட்டேன். குறுக்க நிக்கவும் மாட்டேன்" என்று சொல்லிவிட்டு நைனா நடந்துவிட்டார். ஊர் அதையே சம்மதமாக எடுத்துக்கொண்டது.

அவர்கள் ஏரியில் இறங்கிய முதல் நாளே அந்தப் பெண் கொஞ்சம் இறால் கொண்டுவந்தாள். வாசலில் வலையைத் தைத்துக்கொண்டிருந்த நைனா நிமிரவேயில்லை. நான் ஓடிப்போய் வாங்கிக்கொண்டேன்.

"உங்க நைனா கேட்டது நாயந்தான்க்கா" என்றாள்.

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அடுப்படிக்குப் போய் அழுதேன். அன்றைக்கு இறால் குழம்பு வைத்தேன்; நைனா சோற்றில் தண்ணீரை ஊற்றி, வெறும் உப்போடு சாப்பிட்டு எழுந்தார்.

தங்கள் குப்பத்தில் குடிசைகளை மறுபடி கட்டி முடித்து அவர்கள் கிளம்பியபோது ஊரே கரைக்குப் போனது. நைனா வரமாட்டேன் என்றுவிட்டார். நான் எல்லோருக்கும் பின்னால் நின்றேன். படகில் ஏறிய அந்தப் பெண் கூட்டத்தில் என்னைத் தேடிப் பிடித்துக் கையாட்டினாள்.

"உங்க நைனா எங்கம்மே?" என்று பக்கத்து வீட்டு அத்தை கேட்டாள்.

காய்ச்சல் என்று சொன்னேன்.