பெக்கர் அம்மா பேசிய தமிழ்

பேய், ஆவி, கண்ணூறு, இது ஒன்றிலும் எனக்கு நம்பிக்கை இருந்ததில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நான் சொல்வதைக் கேட்டதும் நீங்கள் முகத்தை ஒரு மாதிரி வைத்துக்கொள்ளப் போகிறீர்கள், அந்த முகத்தை நான் நிறையப் பேரிடம் பார்த்துவிட்டேன். அம்மா கோயிலில் நூல் வாங்கி வந்து கையில் கட்டிவிட்டால்கூட வேலைக்குப் போகும்போது கழற்றி வைத்துவிட்டுத்தான் போவேன். கையில் மோதிரமோ நூலோ எதுவும் இருக்கக் கூடாது என்பது எங்கள் தொழிலில் சட்டம், எனக்கு அது நல்ல சாட்டாகவும் போய்விட்டது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இந்த மாதிரிக் கதை சொல்கிறவர்கள் எல்லோரும் நடுச்சாமம் என்பார்கள், மின்சாரம் போய்விட்டது என்பார்கள். இது பட்டப்பகலில் நடந்தது. கோடை வெயில் ஜன்னலால் வந்து கண்ணைக் குத்துகிறது, நோயாளிகளுக்குக் கோப்பியும் கேக்கும் கொடுத்துக்கொண்டிருக்கிறோம். அப்படி ஒரு நேரம்.

நான் டோர்ட்மண்டில் பிறந்து வளர்ந்தவள். அப்பாவும் அம்மாவும் யாழ்ப்பாணத்திலிருந்து அகதிகளாக வந்தவர்கள், அப்பா ஒரு உணவகத்தின் சமையலறையில் நின்றே காலை நோகடித்துக்கொண்டவர். பள்ளி முடித்ததும் நான் தாதிப் பயிற்சிக்குப் போனேன், இங்கே அவுஸ்பில்டுங் என்போமே, அது. மூன்று வருடம் படித்துப் பரீட்சை பாஸ் பண்ணி, ஒரு சாமத்திய வீட்டில், ஒரு பிள்ளை பெரியவளான கொண்டாட்டத்தில், பெருமையாகப் பட்டுச்சேலையோடு நிற்கிறேன், அம்மாவுக்குத் தெரிந்த ஒரு மாமி வந்து, "நேர்ஸ் வேலையோ பிள்ளை? டொக்டருக்குப் படிக்கப் புள்ளி காணேல்லையோ?" என்று கேட்டார். எனக்கு வந்த கோபத்துக்குச் சாப்பாட்டுத் தட்டை அவர் தலையில் கவிழ்த்திருப்பேன். அப்பாதான் முந்திக்கொண்டார். "டொக்டர் வந்து ரெண்டு நிமிசம் நிண்டிட்டுப் போயிடுவார் அக்கா. மிச்ச நேரம் முழுக்க ஆளைப் பாக்கிறது என்ர பிள்ளைதான்" என்றார். அன்றைக்கு நான் அப்பாவுக்கு இரண்டு தரம் பாயசம் எடுத்துக் கொடுத்தேன்.

வேலை கிடைப்பது கஷ்டமாக இருக்கவில்லை. இந்த நாட்டில் தாதிகளுக்கு அவ்வளவு தட்டுப்பாடு, கேட்ட இடமெல்லாம் வா வா என்றார்கள். நான் விரும்பியபடியே பக்கத்து ஊர் மருத்துவமனை ஒன்றில் அறுவைச் சிகிச்சைப் பிரிவில் சேர்ந்தேன். கஷ்டம் அதற்குப் பிறகுதான் தொடங்கியது. மாணவியாக இருக்கும்போது பிழைவிட்டால் திருத்த ஒருவர் பக்கத்தில் நிற்பார். வேலைக்குச் சேர்ந்த பிறகு அந்த ஒருவர் நான்தான். முதல் வாரங்களில் குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதிருக்கிறேன், அம்மாவுக்குக் கேட்கக் கூடாது என்று.

சேர்ந்தவர்களை முதல் ஆறு மாதம் பார்ப்பார்கள், பிடிக்காவிட்டால் போய்வா என்று சொல்லிவிடுவார்கள். எங்கள் பிரிவின் தலைமைத் தாதி சபீனா நேர்மையான மனுசி, ஆனால் சிரிப்பைக் காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டும். ஒருநாள் என்னை அறைக்குக் கூப்பிட்டு, "உன் வேலை சுத்தம். ஆனால் நீ மெதுவாக இருக்கிறாய். ஒவ்வொரு கட்டிலிலும் நின்று கதைத்துக்கொண்டிருக்கிறாய். இந்த வேகத்தில் உன்னைத் தொடர்ந்து வைத்திருக்க முடியுமா என்று எனக்குத் தெரியவில்லை" என்று சொன்னார். முடிவை அடுத்த கிழமை சொல்வதாகவும் சொன்னார். எனக்கு வேறு வேலை கிடைக்காது என்றில்லை. ஆனால் அந்த மாமிக்கு முன்னால் நின்று அப்பா சொன்ன சொல் இருக்கிறதே, அதைப் பொய்யாக்கிக்கொண்டு எப்படி வீட்டுக்குப் போவது? ஆளைப் பார்ப்பதுதான் என் வேலை என்றார் அவர். ஆளைப் பார்ப்பதால்தான் இங்கே என்னை அனுப்பப் பார்க்கிறார்கள்.

நின்று கதைத்துக்கொண்டிருக்கிறாய் என்று சபீனா சொன்னாரே, அது பெரும்பாலும் பெக்கர் அம்மாவோடுதான். இடுப்பெலும்பு முறிந்து அறுவைச் சிகிச்சை செய்து வந்திருந்த வயதானவர். சில வருடங்களுக்கு முன்பு வந்த பக்கவாதத்தில் பேச்சுப் போய்விட்டது. வாயில் வருவது "டா, டா" என்ற ஒரே ஒரு சத்தம்தான். பசித்தாலும் அதுதான், வலித்தாலும் அதுதான். பேச முடியாதவரோடு என்ன கதை என்று நீங்கள் கேட்கலாம், சபீனாவும் அதைத்தான் கேட்டார். கால் கழுவும்போது வெளியில் மழை பெய்கிறது, அடுத்த வீட்டுப் பூனை குட்டி போட்டிருக்கிறது என்று எதையாவது ஜேர்மனில் சொல்வேன். அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். எனக்கு அது போதும்.

அந்த மத்தியானம் நானும் மாக்டாவும் கோப்பி வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தோம். மாக்டா போலந்துக்காரி, எனக்குக் கொஞ்சம் மூத்தவள், எனக்கு அங்கே கிடைத்த ஒரே தோழி. வண்டிக்கு ஒரு ஒழுங்கு உண்டு, முதல் அறையில் தொடங்கி வரிசையாகத்தான் போக வேண்டும், இடையில் விட்டால் யாருக்குச் சர்க்கரை வியாதி, யாருக்கு விழுங்கக் கஷ்டம் என்பதெல்லாம் குழம்பிவிடும். பெக்கர் அம்மாவின் அறை தொடக்கத்திலேயே வரும். மாக்டா கதவடியில் நின்று கோப்பி ஊற்றிக்கொண்டிருந்தாள், நான் பெக்கர் அம்மாவின் தலையணையை உயர்த்தி அவரை நிமிர்த்தினேன்.

அவர் என் மணிக்கட்டைப் பிடித்தார். பிடி நல்ல இறுக்கம்.

"பிள்ளை, கடைசி அறைக்கு ஓடுங்கோ. அந்தத் தம்பிக்கு மூச்சு விட ஏலாமல் கிடக்கு."

நான் "ஓம் ஓம், போறன்" என்றுவிட்டு ஓடினேன்.

இங்கேதான் எல்லோரும் என்னை மறிப்பார்கள். அந்த இடத்திலேயே நீ திடுக்கிடவில்லையா என்பார்கள். இல்லை. சத்தியமாக இல்லை. என்னைப் போல இங்கே பிறந்தவர்களுக்குத்தான் இந்தப் பிழை வரும் என்று நினைக்கிறேன். வீட்டில் அம்மா குசினியிலிருந்து தமிழில் கூப்பிடுவார், நான் தமிழில் பதில் சொல்லிக்கொண்டே கைப்பேசியில் ஜேர்மனில் எழுதுவேன், எது எந்த மொழி என்று நின்று பார்ப்பதில்லை. அம்மா கூப்பிட்டால் எப்படிப் போவேனோ அப்படித்தான் அன்றைக்கும் போனேன். யார் சொன்னது, என்ன மொழியில் சொன்னது என்று மண்டையில் ஏறவே இல்லை. கடைசி அறை, மூச்சு, அது மட்டும்தான் ஏறியது.

கடைசி அறை நடைபாதையின் மறுமுனையில் இருக்கிறது. அதில் இருந்தவர் டாக்சி ஓட்டுகிற ஒருவர், முப்பத்தைந்து வயது இருக்கும், அன்று காலையில்தான் கழுத்தில் தைரோயிட் அறுவைச் சிகிச்சை நடந்திருந்தது. கதவைத் திறக்கிறேன், மனுசன் கட்டிலின் விளிம்பில் இருந்தபடி கழுத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருக்கிறார், கழுத்து வீங்கிப் போயிருக்கிறது, உதடு நீலம், வாயைத் திறக்கிறார், சத்தம் வரவில்லை. கூப்பிடும் மணி கட்டிலுக்குக் கீழே விழுந்து கிடந்தது.

உள்ளே இரத்தம் கசிந்து மூச்சுக்குழாயை நெரிக்கிறது என்று பார்த்த உடனேயே தெரிந்துவிட்டது. அவசர மணியை அடித்தேன். அவரை நிமிர்த்தி இருத்தி ஒட்சிசன் வைத்தேன், கட்டைப் பிரித்தேன், தையல் வெட்டும் கத்தரியை உறையிலிருந்து எடுத்துத் தயாராகப் பிடித்தேன். மருத்துவர் மூச்சிரைக்க ஓடி வந்து கையை நீட்டவும் கத்தரி அவர் கையில் இருந்தது. அவர் அந்த இடத்திலேயே தையலைத் திறந்தார், கட்டிக் கட்டியாக இரத்தம் வந்தது, மனுசன் ஒரு மூச்சு இழுத்தார் பாருங்கள். நான் என் வாழ்க்கையில் கேட்ட சத்தங்களில் அதைப்போல் நல்ல சத்தம் ஒன்றில்லை. அவரைத் திரும்ப அறுவைக் கூடத்துக்குத் தள்ளிக்கொண்டு போகும்போது மருத்துவர் என்னைத் திரும்பிப் பார்த்து, "இன்னும் கொஞ்சம் பிந்தியிருந்தால் இவர் இல்லை" என்றார். பெருமையாக இருந்தது, அதை ஏன் மறைக்க வேண்டும்? அந்த மாமி அந்த இடத்தில் நின்று பார்த்திருக்க வேண்டும் என்று நினைத்தேன்.

எல்லாம் அடங்கின பிறகு எங்கள் ஓய்வறையில் சபீனா கேட்டார். "கோப்பி வண்டி தொடக்கத்தில் நிற்கிறது. நீ எப்படிக் கடைசி அறையில் இருந்தாய்?"

"பெக்கர் அம்மா சொன்னா" என்று ஜேர்மனில் சொன்னேன், அவ்வளவு சாதாரணமாக. சொன்ன பிறகுதான் சபீனாவின் முகத்தைக் கண்டேன். அவர் ஏதோ சொல்ல வாயெடுக்க, மாக்டா குறுக்கே விழுந்தாள்.

"அதுதானே, நானும் கேட்டேன். அவருக்கு உன் மொழியைச் சொல்லிக் கொடுத்திருக்கிறாய், எனக்குச் சொல்லவே இல்லையே?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் ஒரு கதிரையை இழுத்துப் போட்டு இருந்தேன். நான் அவரோடு ஒருநாளும் தமிழில் பேசியதில்லை. ஒரு சொல்கூடச் சொல்லிக் கொடுத்ததில்லை.

மூன்று பேரும் பெக்கர் அம்மாவிடம் போனோம். கேக்கைக் கரண்டியால் வெட்டித் தின்றுகொண்டிருந்தார். நான் பக்கத்தில் குனிந்து, "அம்மா, என்னட்ட என்ன சொன்னனீங்கள்?" என்று கேட்டேன். அவர் என்னைப் புது ஆளைப் பார்ப்பது போலப் பார்த்துவிட்டு, "டா, டா" என்று கோப்பிக் கோப்பையைக் காட்டினார். கோப்பி ஆறிவிட்டிருந்தது. மாக்டா வேறு ஊற்றிக் கொடுத்தாள்.

பெக்கர் அம்மாவின் மகள் பார்க்க வந்தபோது மெதுவாக விசாரித்தேன். அம்மா மலைப்பக்கத்துச் சின்ன ஊரில் பிறந்து அங்கேயே வாழ்ந்தவர், பக்கத்தில் தமிழர் என்று ஒருவரும் இருந்ததில்லை, வெளிநாடு என்று போனது ஒரு தரம் ஒஸ்ட்ரியாவுக்கு மட்டும்தான் என்றார். நான் ஏன் கேட்கிறேன் என்று அவருக்கு விளங்கவில்லை, நானும் சொல்லவில்லை.

வீட்டில் சொன்னேன். அம்மா எழும்பிப் போய் விளக்கைக் கொளுத்தினார். அப்பா மட்டும் வேறு கேள்வி கேட்டார். "அந்தப் பெடியன் தப்பிட்டானே?" தப்பிவிட்டார் என்றேன். "அது காணும், அது போதும்" என்று சொல்லி அப்பா கண்ணைத் துடைத்தார், பிறகு அடுத்த நாளே தமிழ்க் கடைக்குப் போய் அரிசி வாங்கும் சாக்கில் நின்றவர்களுக்கெல்லாம் சொல்லிவிட்டு வந்தார். பேச்சுப் போனவர் பேசியதை அவர் சொல்லவில்லை. மகள் ஒரு உயிரைக் காப்பாற்றினாள் என்பதை மட்டும் சொன்னார், கத்தரியை நான் பிடித்த விதத்தைக்கூடச் செய்து காட்டினாராம்.

அடுத்த கிழமை சபீனா கூப்பிட்டார். நான் பயந்துகொண்டுதான் போனேன். அவர் என்னை இருக்கச் சொல்லிவிட்டு, "நீ இங்கே இருக்கிறாய்" என்றார். கதவு வரை வந்ததும், "அந்தக் கதைக்கிற பழக்கத்தை விட்டுவிடாதே" என்று சேர்த்துச் சொன்னார். அவர் சிரித்ததை அன்றுதான் பார்த்தேன், அதுவும் பாதிச் சிரிப்பு. அந்த டாக்சிக்காரர் வீட்டுக்குப் போகும் நாளில் என்னைத் தேடி வந்து, கரகரத்த குரலில் என் பெயரைச் சரியாகச் சொல்லி நன்றி சொன்னார். என் பெயரைச் சரியாகச் சொன்ன ஜேர்மன்காரர்கள் குறைவு, அதனால் எனக்கு அது மறக்கவில்லை.

இவ்வளவோடு முடிந்திருந்தால் நான் இதை அதிசயம் என்று சொல்லிவிட்டு நிம்மதியாக இருந்திருப்பேன்.

ஆறு மாதம் முடிந்த அன்று அம்மா சுட்டுத் தந்த ரோல்சும் வடையும் கொண்டுபோய் எல்லோருக்கும் வைத்தேன். பெக்கர் அம்மா அதற்கு முன்பே வீட்டுக்குப் போய்விட்டார், இலையுதிர் காலத்தில் நித்திரையிலேயே போய்ச் சேர்ந்துவிட்டார் என்று மகள் எங்களுக்கு அறிவித்திருந்தார். அவரைப் பற்றிக் கதை வந்தது. மாக்டா வடையைக் கடித்துக்கொண்டே, "அது சரி, இரண்டாம் தரம் உன்னிடம் என்ன சொன்னார்?" என்று கேட்டாள்.

எந்த இரண்டாம் தரம் என்றேன்.

"நீ கதவு வரை ஓடி வந்தாய். அவர் திரும்பக் கூப்பிட்டார். நீ திரும்பிப் போய்க் குனிந்தாய், அவர் உன் காதில் நிறையச் சொன்னார், நீ தலையாட்டிக் கேட்டுவிட்டு 'ஓம்' என்றாய். பிறகுதானே ஓடினாய்? நான் ஒதுங்கி வழிவிட்டேனே."

எனக்கு அப்படி ஒன்றும் ஞாபகத்தில் இல்லை. ஒரு மனுசன் மூச்சில்லாமல் கிடக்கிறான் என்று தெரிந்த பிறகு நான் ஏன் திரும்பிப் போவேன்? நான் நேரே ஓடினேன். ஆனால் மாக்டா பொய் சொல்கிறவள் இல்லை, அந்த "ஓம்" என்ற சொல்லை என்னைப் போலவே இழுத்துச் சொல்லியும் காட்டினாள். மரியாதையாக, ஒரு விசயத்துக்குச் சம்மதிக்கும்போது சொல்வது போல இருந்தது.

இப்போது நான் அந்தப் பிரிவில் புதிதாக வருகிறவர்களுக்கு வேலை பழக்குகிறேன். வேலை முடிந்து உடுப்பு மாற்றின பிறகும் ஒருதரம் கடைசி அறை வரை நடந்து, எல்லோரும் மூச்சு விடுகிறார்களா என்று பார்த்துவிட்டுத்தான் பஸ்ஸுக்குப் போவேன். அதைப் பார்த்துச் சபீனா அந்தப் புதுப் பிள்ளைகளிடம் என்னைப் பெருமையாகச் சொல்கிறார். அன்றைக்குப் பெக்கர் அம்மாவிடம் நான் எதற்குச் சம்மதித்து ஓம் சொன்னேன் என்று தெரியாத பயத்தில்தான் அப்படி நடந்து பார்க்கிறேன் என்று அவருக்குச் சொல்லவில்லை.