பின்னாலேயே போன கார்

எனக்குப் பொறுமை என்பது பிறவியிலேயே கிடையாது. பஸ் ஐந்து நிமிடம் தாமதமானால் நடந்தே போய்விடுகிறேன் என்று கிளம்புகிற ஆள் நான். அப்படிப்பட்டவளை, நான்காம் வகுப்புப் படித்த வருஷம், ஆனி மாதம் முழுக்க ஒரு பழைய அம்பாசடருக்காகக் காக்க வைத்தார்கள்.

கார் தாத்தா வாங்கியது. அவர் காலத்துக்குப் பிறகு, குன்னம் பக்கத்தில் இருந்த எங்கள் வீட்டுக் கொட்டகையில் கோழி அடைகாக்கும் இடமாகக் கிடந்தது. அதை ஓட வைத்தே தீருவேன் என்று அப்பா கங்கணம் கட்டிக்கொண்டதற்குக் காரணம் அத்தை. அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் ஒரே தங்கை. ஜெயங்கொண்டத்தில் வாழ்க்கைப்பட்டவள், வைகாசியில் ஒரு மத்தியானம் ஒற்றைப் பையோடு பஸ்ஸில் வந்து இறங்கினாள். "சும்மாதான் வந்தேன்" என்றாள். சும்மா வந்தவள் திரும்பிப் போகவில்லை. வெயில் மண்டையைப் பிளக்கிற நாளிலும் முழுக்கை ஜாக்கெட்டோடு இருந்தாள். பாத்ரூமில் வழுக்கி விழுந்து கையில் அடி என்று அம்மாவிடம் சொன்னாள். நான் நம்பினேன்.

அவளைக் கொண்டுபோய் விட்டுவிட வேண்டும் என்பது அப்பாவின் முடிவு. அதுவும் ஆனிக்குள். ஆடி பிறந்துவிட்டால் எங்கள் வீட்டில் பெண்ணைக் கொண்டுபோய் விடுகிற பேச்சையே எடுக்க மாட்டார்கள்.

"பஸ்ஸுல வந்து நின்னவள பஸ்ஸுலயே கொண்டு போயி விட்டா நம்மள எவன் மதிப்பான்? வூட்டுல காரு நிக்கறப்ப வாடகைக் காருல போனாலும் சிரிப்பாங்க. நம்ம காருலதான் போவணும்" என்று அப்பா ஒரே பிடியாக நின்றார்.

போக உனக்கு இஷ்டமா என்று அத்தையை யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. எனக்கு என் கவலை. அத்தையை விட்டுவிட்டு அப்படியே கங்கைகொண்ட சோழபுரம் போய்ப் பெரிய நந்தியைப் பார்த்துவிட்டு வரலாம் என்று அப்பா வாக்குக் கொடுத்திருந்தார்.

ரிப்பேர் வேலை சித்தப்பா தலையில் விழுந்தது. அவர் ஆலத்தியூர்ப் பக்கம் ஒரு சிமென்ட் ஆலையில் ஃபிட்டர். ஆள் உயரப் பல்சக்கரங்களைக் கழற்றி மாட்டுகிறவர். கார் வேலை மட்டும் அவருக்குப் புதுசு. ஷிஃப்ட் முடிந்து வந்ததும் செல்போனில் ஏதாவது ஒரு வீடியோவை ஓடவிட்டுக்கொண்டு காருக்கு அடியில் படுத்துவிடுவார். அத்தை ஸ்பேனர் எடுத்துக் கொடுப்பாள். இரண்டு பேரும் மெதுவான குரலில் பேசிக்கொண்டே இருப்பார்கள். நான் போனால் பேச்சு நின்றுவிடும்.

நான் போகாத நேரம் ஏது? "ஆச்சா சித்தப்பா? இன்னும் எவ்ளோ நேரம்?" என்று நச்சரித்துக்கொண்டே இருப்பேன். "எங்க சூப்பர்வைசர் தேவலாம் போலருக்கு" என்று அலுத்துக்கொள்வார். எஞ்சினைத் திறந்து கரியைச் சுரண்டினார், புது கேஸ்கெட் வைத்தார், கார்புரேட்டரைப் பெட்ரோலில் கழுவினார். ஒரு ஞாயிற்றுக்கிழமை எஞ்சின் இருமிக்கொண்டே பிடித்துவிட்டது. அடேயப்பா, நான் குதித்த குதி! அப்பா உடனே காலண்டரில் நல்ல நாள் பார்க்கப் போனார். அத்தை அடுக்களைக்குள் போய்விட்டாள்.

அன்று சாயங்காலமே சித்தப்பா, "பின்னாடி ஒரு சத்தம் வருதுண்ணே. டிஃபரன்ஷியல எறக்கிப் பாத்துரணும்" என்றார்.

எனக்கு ஒரு சத்தமும் கேட்கவில்லை. பின்சக்கரங்களுக்கு நடுவே உருண்டையாக இருக்கிற பகுதி அது. எஞ்சினின் சுழற்சியைச் சக்கரங்களுக்குத் திருப்பிவிடுவது அதுதான். கழற்றுவதற்கு முன்னால் சாக்பீஸால் அதன்மேல் ஓர் அம்புக்குறி போட்டார். "திருப்பி மாட்டறப்ப இது வானத்தப் பாக்கணும். ஆலையிலயும் இப்படித்தான் குறி போட்டுக்குவோம்" என்று எனக்குப் பாடம் வேறு நடத்தினார்.

அது இறங்கியது இறங்கியதுதான். நாள் ஓடிக்கொண்டே இருந்தது. அப்பா காலையும் மாலையும் கொட்டகை வாசலில் நின்று கத்தினார். ஒருவழியாக ஆனி கடைசி நாளுக்கு முந்தின சாயங்காலம் சித்தப்பா எல்லாவற்றையும் மாட்டி முடித்தார். நான் காருக்கு அடியில் புகுந்து அவர் பக்கத்தில் படுத்துப் பார்த்தேன். அம்புக்குறி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"சித்தப்பா, அம்பு கீழ பாக்குது."

"எங்க?" என்றார். நான் தொட்டுக் காட்டினேன். கையிலிருந்த எண்ணெய்த் துணியால் அதை அழுத்தித் துடைத்தார். அம்புக்குறி போய்விட்டது. "நாளைக்கி நந்தி பாக்க எந்தக் கவுனு போடப் போற? போயி எடுத்து வையி" என்றார். கவுன் என்றதும் நான் ஓடிவிட்டேன்.

"ஓட்டிப் பாத்தியாடா?" என்று அப்பா கேட்டார். "நல்ல நேரத்துல மொதல்ல நீங்கதாண்ணே எடுக்கணும்" என்றார் சித்தப்பா. அப்பாவுக்கு அது பிடித்திருந்தது.

மறுநாள் காலை நாலு சக்கரத்துக்கும் முன்னால் எலுமிச்சம்பழம் வைத்து, கற்பூரம் காட்டி, தேங்காய் உடைத்தார்கள். அத்தையின் பை டிக்கியில் ஏறியது. அவள் பின்சீட்டில் என் பக்கத்தில் உட்கார்ந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். அப்பா ஃபர்ஸ்ட் கியர் போட்டார். கார் எலுமிச்சம்பழங்களை அப்படியே விட்டுவிட்டு, பின்னால் பாய்ந்து மாட்டுத் தொட்டியை இடித்துச் சாய்த்தது.

"அடச்சீ, தப்பா போட்டுட்டேனா?" என்று செகண்ட் போட்டார். மறுபடியும் பின்னால். ரிவர்ஸ் போட்டதும் மாப்பிள்ளை ஊர்வலம் மாதிரி மெல்ல முன்னால் நகர்ந்து பழங்களை நசுக்கியது. தெருவே கூடிச் சிரித்தது.

"நாலு கியரும் பின்னால போவுதுடா! என்னடா பண்ணி வச்சிருக்க?"

"தலைகீழா மாட்டிட்டேண்ணே, அதான் சக்கரம் எதிர்ப்பக்கமா சுத்துது. பிரிச்சு மாட்ட ரெண்டு மூணு நாளாவும்."

"நாளைக்கி ஆடிடா, கூறுகெட்டவனே!"

எனக்கு வாய் சும்மா இருக்குமா? "நான் அப்பவே பாத்தேம்ப்பா, அந்த அம்பு..." என்று ஆரம்பித்தேன். காரைவிட்டு இறங்கியிருந்த அத்தை, பூஜைத் தேங்காயில் ஒரு பெரிய சில்லை எடுத்து என் வாயில் திணித்தாள். தேங்காய் என்றால் எனக்கு உயிர். மென்று முடிப்பதற்குள் சொல்ல வந்தது மறந்துவிட்டது.

ஆடியில் ஒருநாள் அம்மா அறைக் கதவைச் சாத்திக்கொண்டு அத்தையின் கையை அப்பாவுக்குக் காட்டினாள். அப்பா வெளியே வந்து, ஓடாத காரில் போய் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். அடுத்த நாள் தனியாகப் பஸ்ஸில் ஜெயங்கொண்டம் போய், அத்தையின் டிரங்குப் பெட்டியோடு திரும்பி வந்தார். அதற்குப் பிறகு கார் ரெடியா என்று அவர் கேட்கவே இல்லை. அத்தை ஆவணியில் அரியலூரில் வேலைக்குச் சேர்ந்தாள். இன்று சொந்தக் கார் வைத்து ஓட்டுகிறாள்.

சித்தப்பாவுக்கு ஆலையில் 'ரிவர்ஸ்' என்றே பெயர் நிலைத்துவிட்டது. அவர் ஒருநாளும் மறுத்துப் பேசியதில்லை. ஆள் உயரப் பல்சக்கரம் மாட்டுகிறவருக்கு, தானே போட்ட அம்புக்குறி தெரியாமல் போகுமா என்று எனக்கு உறைத்தபோது நான் கல்லூரிக்குப் போய்விட்டிருந்தேன்.

அன்றைக்கு இருந்ததெல்லாம் எரிச்சல்தான். நந்தி போச்சு. கவுன் போச்சு. அந்த ஆடி முழுக்கச் சித்தப்பாவோடு நான் டூ. அத்தை மட்டும் தினமும் முதல் தோசையை அவர் தட்டில்தான் போட்டாள். காரைக் கெடுத்த ஆளுக்கு எதுக்கு முதல் தோசை என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.